தாடியஸ் ஸ்டீவன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிங்கனைத் தெரியும். தாடியஸ் ஸ்டீவன்ஸ் யார்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் (அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு வடக்கு நடத்திய போர், 1861–65) நடந்த காலத்திலும் அதற்குப் பின் வந்த மூன்றாண்டுகளிலும் அந்நாட்டின் பிரதிநிதிகள் சபையில் மிகுந்த செல்வாக்கோடு இருந்தவர். பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் தொகுதியின் உறுப்பினர், குடியரசுக் கட்சிக்காரர். சபாநாயகராகவோ அமைச்சராகவோ இருந்ததில்லை. ஆனாலும் போருக்குப் பணம் திரட்டிய சட்டங்கள், 14-ஆம் அரசியல் சட்டத் திருத்தம், தெற்கு மாநிலங்களை ராணுவ ஆட்சியின் கீழ் கொண்டுவந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டம், ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணை ஆகிய எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது.

லிங்கனின் பெருமையைச் சொல்லும் நூல்கள் ஏராளம். அடிமை முறை ஒழிந்த மறுநாள், விடுதலை பெற்ற 40 லட்சம் பேருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று பேச்சோடு நிற்காமல் ஏக்கர், டாலர், வாக்கு என்று கணக்குப் போட்டவர் ஸ்டீவன்ஸ். அந்தக் கணக்குகளைப் புரிந்துகொண்டால்தான் அவரைப் புரிந்துகொள்ள முடியும். அதனால் இந்தப் பக்கத்தில் எண்கள் அதிகம் வரும்.

எங்கே பிறந்தார்? குடும்பம் எப்படிப்பட்டது?

1792 ஏப்ரல் 4 அன்று வெர்மான்ட் மாநிலத்து டான்வில் என்ற ஊரில் பிறந்தார். போலந்து வீரர் ததேயுஷ் கோஸ்சியுஷ்கோவின் நினைவாக வைத்த பெயர். பிறவியிலேயே ஒரு பாதம் கோணல். கடைசிவரை நொண்டித்தான் நடந்தார். அப்பா ஜோஷுவா குடும்பத்தை விட்டுப் போய்விட, நான்கு பையன்களையும் அம்மா சாராவே உழைத்து வளர்த்தார். பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதற்காகவே பக்கத்து ஊரான பீச்சமுக்குக் குடிபெயர்ந்தார் அந்த அம்மா. ஸ்டீவன்ஸ் 1814-ல் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

வக்கீல் ஆனது எப்படி?

பட்டம் முடித்ததும் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்து, கூடவே சட்டமும் படித்தார். அந்தக் காலத்தில் சட்டக் கல்லூரி கட்டாயமில்லை. ஒரு வக்கீலிடம் இருந்து படித்து, உள்ளூர் வக்கீல்கள் முன் தேர்வில் தேற வேண்டும். யார்க் மாவட்ட வக்கீல்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று விதி வைத்திருந்தார்கள். எனவே எல்லை தாண்டி மேரிலாந்தின் பெல் ஏர் ஊருக்குப் போய் 1816-ல் தேர்வு எழுதி உரிமம் பெற்றார். பிறகு பென்சில்வேனியாவுக்கே திரும்பி கெட்டிஸ்பர்க் ஊரில் தொழில் தொடங்கினார். எதிராளி வைத்த விதியை முட்டி உடைக்க முடியாதபோது இன்னொரு விதியின் வழியே நுழைவது என்ற பழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

அவர் ஒரு காலத்தில் அடிமை உரிமையாளருக்காக வாதாடினார் என்பது உண்மையா?

உண்மை. மறைக்கக் கூடாத உண்மை. 1821-ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தில் பட்லர் எதிர் டெலாப்ளேன் என்ற வழக்கு வந்தது. சாரிட்டி பட்லர் என்ற மேரிலாந்துப் பெண் தன் விடுதலையைக் கேட்டார். ஓர் அடிமையை ஆறு மாதம் பென்சில்வேனியாவில் தங்க வைத்தால் அவர் விடுதலை பெறுவார் என்பது மாநிலச் சட்டம். சாரிட்டியை எஜமானக் குடும்பம் பலமுறை அழைத்து வந்திருந்தது. அந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஆறு மாதம் தாண்டும் என்பது அவர் தரப்பு. எதிர்த் தரப்பில் நின்ற ஸ்டீவன்ஸ், ஆறு மாதமும் இடைவிடாமல் தொடர்ந்திருக்க வேண்டும் என்ற வாதத்தில் வென்றார். சாரிட்டி அடிமைத்தனத்துக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகான வாழ்க்கையில், அடிமை முறை தொடர்பான வழக்குகளில் தப்பி வந்தவர்களுக்காகவே நீதிமன்றம் ஏறினார். அந்த வழக்கால்தான் மனம் மாறினார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் கைப்பட அப்படி எழுதி வைத்த சான்று இல்லாததால், காரணத்தை உறுதியாகச் சொல்வதைத் தவிர்ப்பதே நேர்மை.

இலவசப் பள்ளிச் சட்டத்தில் அவர் பங்கு என்ன?

நாடாளுமன்றத்துக்குப் போவதற்கு முன் அவர் பெயர் வாங்கியதே இதில்தான். பென்சில்வேனியாவில் 1809 முதல் இருந்த ஏற்பாட்டின்படி ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் அரசு செலவில் கல்வி. அதைப் பெற, பெற்றோர் தாங்கள் ஏழைகள் என்று பட்டியலில் பெயர் பதிய வேண்டும். வறுமையை ஊரறிய எழுதிக் கொடுக்க விரும்பாதவர்கள் பிள்ளைகளை அனுப்பவே இல்லை. 1834-ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக, வரிப் பணத்தில் பள்ளி என்ற சட்டம் வந்தது. சேர்வதா வேண்டாமா என்பதை அந்தந்தப் பகுதி மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கலாம். சேர்ந்தால் உள்ளூர் வரியும் உண்டு, மாநில நிதியும் உண்டு.

வரி என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. தங்கள் திருச்சபைப் பள்ளிகளைத் தாங்களே நடத்திவந்த ஜெர்மன் வம்சாவளி விவசாயிகள், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். 1835-ல் மாநில செனட் சட்டத்தை ரத்து செய்ய வாக்களித்தும்விட்டது. கீழ்ச்சபையும் அதையே செய்யும் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, ஏப்ரல் 11 அன்று ஸ்டீவன்ஸ் பேசினார். சிறைச்சாலைக்கும் நீதிமன்றத்துக்கும் வழக்கே இல்லாதவனும் வரி கட்டுகிறான், பள்ளிக்கு மட்டும் ஏன் கட்டக் கூடாது என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு. கீழ்ச்சபை சட்டத்தைக் காப்பாற்றியது. அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் ஜார்ஜ் வுல்ஃப் எதிர்க்கட்சிக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டீவன்ஸ் அந்த விஷயத்தில் கட்சி பார்க்கவில்லை.

எத்தனை கட்சி மாறினார்?

இளமையில் ஃபெடரலிஸ்ட். பிறகு ஃப்ரீமேசன் ரகசிய சங்கத்தை எதிர்த்த கட்சி. அதன் சார்பில்தான் 1833-ல் மாநிலச் சட்டசபைக்குப் போனார். பிறகு விக் கட்சி. இடையில் கொஞ்ச காலம் வந்தேறிகளை எதிர்த்த இயக்கத்தோடும் தொடர்பு இருந்தது. 1855 முதல் குடியரசுக் கட்சி. கட்சிகளே பிறந்து மடிந்துகொண்டிருந்த காலம் அது. கொள்கையில் அவர் எங்கே நின்றார் என்று பார்க்க 1837–38 மாநில அரசியல் சட்ட மாநாடு போதும். வாக்குரிமைப் பிரிவில் "வெள்ளையர்" என்ற சொல்லைச் சேர்த்து, அதுவரை வாக்களித்து வந்த கறுப்பினத்தவரை மாநாடு வெளியே தள்ளியது. ஸ்டீவன்ஸ் அந்த ஆவணத்தில் கையெழுத்திடவே மறுத்தார்.

கிறிஸ்டியானா வழக்கு என்றால் என்ன?

1842-ல் அவர் லங்காஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். இரும்பு உலைத் தொழிலில் ஏறிய கடனை வக்கீல் தொழிலில் அடைக்க வேண்டியிருந்தது. 1849 முதல் 1853 வரை விக் கட்சி உறுப்பினராக நாடாளுமன்றத்தில் இருந்தார். 1850-ல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருவதில் பொதுமக்களும் உதவ வேண்டும் என்று சட்டம் வந்தது. 1851 செப்டம்பர் 11 அன்று மேரிலாந்து உரிமையாளர் எட்வர்ட் கோர்சச், தன்னிடமிருந்து தப்பியவர்களைத் தேடி லங்காஸ்டர் மாவட்டத்துக் கிறிஸ்டியானாவுக்கு ஆட்களோடு வந்தார். வில்லியம் பார்க்கர் என்ற கறுப்பினத்தவர் வீட்டில் இருந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். கோர்சச் கொல்லப்பட்டார்.

அரசு 38 பேர் மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டியது. கொலைக் குற்றம் என்றிருந்தால் சாட்சி, ஆயுதம், ஆள் அடையாளம் என்று போயிருக்கும். தேசத்துரோகம் என்றால் நாட்டின் மீதே போர் தொடுத்ததாக நிரூபிக்க வேண்டும். அரசு தரப்பு சறுக்கியது இங்கேதான். முதலில் விசாரிக்கப்பட்டவர் கேஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளையர். குதிரையில் வந்து நின்று பார்த்தார், பிடிக்க உதவ மறுத்தார், அவ்வளவே. ஸ்டீவன்ஸ் இடம்பெற்ற வக்கீல் குழு அதைத்தான் அழுத்திச் சொன்னது. ஜூரிகள் சுமார் 15 நிமிடத்தில் குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் மீதான தேசத்துரோக வழக்கும் கரைந்து போனது.

போர்க்காலத்தில் அவர் செய்த வேலை என்ன?

1858 தேர்தலில் வென்று மறுபடி நாடாளுமன்றம் வந்தார். 1861 ஜூலை முதல் 1865 மார்ச் வரை, வரி, கடன், செலவு மூன்றையும் பார்த்த நிதிக் குழுவின் தலைவர். அந்தப் பதவியில் இருப்பவரே சபையில் ஆளுங்கட்சியை வழிநடத்துபவராகவும் இருந்தார்.

1861 டிசம்பர் இறுதியில் வங்கிகள் காகித நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்திவிட்டன. போர்ச் செலவோ நாளொன்றுக்கு 10 லட்சம் டாலரைத் தாண்டியது. 1862 பிப்ரவரி 25-ல் வந்த சட்டம் 15 கோடி டாலருக்குத் தங்கப் பின்னணி இல்லாத பச்சை நோட்டுகளை அச்சிட அனுமதித்தது. வரைவை எழுதியவர் குழுவில் இருந்த எல்பிரிட்ஜ் ஸ்பால்டிங். சபையில் தாங்கிப் பிடித்தவர் ஸ்டீவன்ஸ். செனட் ஒரு மாற்றம் செய்தது: சுங்க வரியைத் தங்கத்தில் கட்ட வேண்டும், அரசுக் கடன் பத்திரத்தின் வட்டியையும் தங்கத்தில் தர வேண்டும். ஸ்டீவன்ஸ் கடுமையாக எதிர்த்தார். சிப்பாய்க்கும் கூலிக்காரனுக்கும் காகிதம், கடன் கொடுத்தவனுக்குத் தங்கம் என்றால் ஒரே நாட்டில் இரண்டு பணம் உண்டாகும் என்றார். தோற்றார். அவர் சொன்னபடியே இரண்டு மதிப்பு உருவானது. 1864 ஜூலையில் 100 டாலர் தங்கத்துக்கு 285 டாலர் காகிதம் கேட்கும் நிலை வந்தது. இதற்கு நோட்டுகள் மேலும் மேலும் அச்சடிக்கப்பட்டதும், போர்க்களச் செய்திகள் மோசமாக இருந்ததும் காரணங்கள். செனட் செய்த மாற்றம் மட்டுமே காரணம் என்று சொன்னால் மிகையாகும்.

வருமான வரியும் இதே காலத்தில் வந்தது. 1862 சட்டப்படி ஆண்டு வருமானம் 600 டாலருக்கு மேல் 3 சதவீதம், 10,000 டாலருக்கு மேல் 5 சதவீதம்.

அவர் சொந்தமாக நட்டப்பட்டதும் உண்டு. 1863 ஜூன் 26-ல், கெட்டிஸ்பர்க் சண்டைக்குச் சில நாள் முன்பு, தெற்குப் படைத் தளபதி ஜூபல் எர்லியின் ஆட்கள் அவருடைய காலிடோனியா இரும்பாலையைக் கொளுத்தினார்கள்.

அடிமை முறையை ஒழித்த 13-ஆம் திருத்தம் அவருடையதா?

அவர் முன்னணியில் இருந்தார். ஆனால் சபையில் அதை நடத்திச் சென்றவர் ஓஹயோவின் ஜேம்ஸ் ஆஷ்லி. செனட் 1864 ஏப்ரலில் 38–6 என நிறைவேற்றியது. சபையில் 1864 ஜூனில் 93–65. வாக்களித்த 158 பேரில் மூன்றில் இரண்டு பங்கு 106, 13 குறைந்தது. 1865 ஜனவரி 31-ல் 119–56. வாக்களித்தவர் 175, தேவை 117. இரண்டே வாக்கு கூடுதல். இடையில் நடந்தது லிங்கனின் மறுதேர்தலும், பதவிக்காலம் முடியப்போகும் ஜனநாயகக் கட்சியினரிடம் நடந்த பேச்சும்.

அந்த விவாதத்தில், ஜனவரி 5 அன்று, தான் கேட்பது சட்டத்தின் முன் சமத்துவம் மட்டுமே என்று ஸ்டீவன்ஸ் சொன்னார். எல்லாவற்றிலும் சமம் என்கிறாயா என்று எதிரிகள் போட்ட தூண்டிலைக் கவ்வாமல் விட்டார். வாயை அடக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்த மனிதர், வாக்கு தேவைப்பட்ட நேரத்தில் அடக்கிக்கொண்டார்.

1865 டிசம்பர் 4 அன்று என்ன நடந்தது?

ஸ்டீவன்ஸின் அரசியல் கைவண்ணத்தை ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் இந்த நாளைப் பாருங்கள்.

முதலில் காலண்டர். அன்றைய முறைப்படி 1864 இறுதிக்குள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை, யாரும் சிறப்பாகக் கூட்டாவிட்டால், 1865 டிசம்பரில்தான் முதன்முதலாகக் கூடும். லிங்கன் ஏப்ரலில் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சனுக்கு ஏழரை மாதம் கேட்பாரில்லை. மே 29-ல் அவர் பொதுமன்னிப்பு அறிவித்தார். தெற்கில் பழைய தலைவர்களே அரசு அமைத்தார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். கறுப்பினத்தவரை வேலை ஒப்பந்தத்தில் கட்டிப்போடும் சட்டங்கள் மிசிசிப்பி, தென் கரோலினாவில் வரத் தொடங்கின.

அந்தத் தெற்கு உறுப்பினர்கள் ஒருமுறை பதவியேற்றுவிட்டால் வெளியேற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பதவியேற்கும் முன்பே நிறுத்தினால் சாதாரணப் பெரும்பான்மை போதும். புதிய சபை கூடும்போது சபாநாயகர் கிடையாது. பழைய சபையின் எழுத்தர்தான் பெயர்ப்பட்டியலை வாசிப்பார். எழுத்தர் எட்வர்ட் மெக்ஃபர்சன் கெட்டிஸ்பர்க்காரர், ஸ்டீவன்ஸ் வளர்த்துவிட்டவர். அவர் தெற்கு மாநிலங்களின் பெயர்களை வாசிக்காமல் கடந்தார். டென்னசியின் ஹோரஸ் மேனார்ட் எழுந்து பேச முயன்றார். பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பேச உரிமை இல்லை. சபாநாயகர் தேர்தலைத் தவிர வேறு எதுவும் இப்போது எடுக்க முடியாது என்பது விதி. ஸ்கைலர் கோல்ஃபாக்ஸ் சபாநாயகரானார். அதே நாளில், தெற்கு மாநிலங்களின் நிலையை ஆராய சபையிலிருந்து 9 பேர், செனட்டிலிருந்து 6 பேர் என 15 பேர் கொண்ட கூட்டுக் குழுவை அமைக்கும் தீர்மானத்தை ஸ்டீவன்ஸ் கொண்டுவந்தார். அந்தக் குழு அறிக்கை தரும்வரை யாரும் உள்ளே வர முடியாது.

இதன் பலன் வெறும் தாமதம் அல்ல. தெற்கு இல்லாத சபையில் குடியரசுக் கட்சிக்கு மூன்றில் இரண்டுக்கும் மேல் இடம் இருந்தது. ஜனாதிபதியின் மறுப்பைத் தாண்டிச் சட்டம் செய்யும் பலம் அங்கிருந்துதான் வந்தது.

14-ஆம் திருத்தத்துக்கும் "ஐந்தில் மூன்று" கணக்குக்கும் என்ன தொடர்பு?

பலரும் முதல் பிரிவை, அதாவது குடியுரிமையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பும் பேசும் பகுதியை மட்டும் படிக்கிறார்கள். அதன் மையச் சொற்களை எழுதியவர் ஜான் பிங்காம். குடியுரிமை வாக்கியத்தைச் சேர்த்தது செனட். ஸ்டீவன்ஸுக்கு இரண்டாம் பிரிவே தலையானது. காரணத்தைத் தென் கரோலினாவை வைத்துப் பார்க்கலாம்.

1860 கணக்கெடுப்பில் அங்கே சுதந்திரமாக இருந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 1 ஆயிரம். அடிமைகள் சுமார் 4 லட்சத்து 2 ஆயிரம். பழைய அரசியல் சட்டப்படி நாடாளுமன்ற இடங்களைப் பங்கிட அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்ப்பார்கள். 4,02,000-ல் ஐந்தில் மூன்று 2,41,200. ஆக மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 5 லட்சத்து 42 ஆயிரமாக எண்ணப்படும். அடிமை முறை ஒழிந்ததும் எல்லோரும் முழு ஆள். 7 லட்சத்து 3 ஆயிரம். கறுப்பினத்தவருக்கு வாக்கு தராமலேயே அந்த மாநிலத்துக்கு அதிக இடம்! போரில் தோற்ற தரப்பு, போருக்கு முன்பைவிடப் பலத்தோடு திரும்பி வரும்.

இரண்டாம் பிரிவு சொன்ன தீர்வு: 21 வயது நிரம்பிய ஆண்களுக்கு வாக்குரிமையை மறுத்தால், மறுக்கப்பட்ட விகிதத்துக்கு ஏற்ப அந்த மாநிலத்தின் பிரதிநிதித்துவம் குறையும். நேரடியாக வாக்குரிமை கொடுக்க அப்போது வடக்கிலேயே போதிய ஆதரவு இல்லை. ஆகவே இந்தச் சுற்றுவழி. பின்னாளில் தெற்கு மாநிலங்கள் லட்சக்கணக்கானவர்களின் வாக்கைப் பறித்தபோதும் இந்தத் தண்டனை ஒருமுறைகூட நடைமுறைக்கு வரவில்லை. இதில் "ஆண்" என்ற சொல் முதன்முதலாக அரசியல் சட்டத்தில் ஏறியது. பெண்கள் வாக்குரிமைக்குப் போராடியவர்கள் கொதித்ததில் முழு நியாயம் உண்டு.

அந்தத் திருத்தத்தில் அவருக்குத் திருப்தியா?

இல்லை. தெற்கின் கிளர்ச்சிக்கு விரும்பி உதவியவர்களுக்கு 1870 ஜூலை 4 வரை வாக்கு கிடையாது என்று சபை எழுதியிருந்தது. செனட் அதை எடுத்துவிட்டு, முன்பு உறுதிமொழி எடுத்துப் பதவி வகித்துப் பின் கிளர்ச்சியில் சேர்ந்தவர்கள் மீண்டும் பதவிக்கு வரக் கூடாது என்று மட்டும் வைத்தது. 1866 ஜூன் 13-ல் இறுதி வாக்கெடுப்புக்கு முன் ஸ்டீவன்ஸ் பேசினார். பழைய கட்டடத்தை அடியோடு இடித்து, சமத்துவத்தின் மேல் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது தன் கனவு என்றார். இவ்வளவு குறையுள்ள ஒன்றை ஏன் ஏற்கிறீர்கள் என்றால், "நான் தேவதூதர்கள் நடுவில் வாழவில்லை, மனிதர்கள் நடுவில் வாழ்கிறேன்" என்றார். 120–32 என நிறைவேறியது. 1868 ஜூலை 9-ல் தேவையான 28 மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்தது. அடுத்த மாதம் அவர் இறந்தார்.

நிலப் பங்கீட்டுத் திட்டம் என்ன? ஏன் தோற்றது?

எங்கள் கணிப்பில் அவர் வாழ்வின் ஆகப் பெரிய யோசனை இதுதான். 1865 செப்டம்பர் 6 அன்று லங்காஸ்டரில் கணக்கோடு வைத்தார்.

தெற்கில் 200 ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவர்கள் சுமார் 70,000 பேர். அவர்களிடமும் மாநிலங்களிடமும் இருப்பது 39 கோடியே 40 லட்சம் ஏக்கர். அதைப் பறிமுதல் செய்தால் தெற்கு மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒரு சென்ட் நிலமும் போகாது. விடுதலை பெற்ற வயதுவந்த ஆண்கள் 10 லட்சம் பேருக்கு ஆளுக்கு 40 ஏக்கர் என்றால் 4 கோடி ஏக்கர். மீதி 35 கோடியே 40 லட்சம் ஏக்கரை ஏக்கர் 10 டாலருக்கு விற்றால் 354 கோடி டாலர். அதில் 30 கோடியை 6 சதவீத வட்டிக்கு முதலீடு செய்து வீரர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் ஓய்வூதியம். 20 கோடி, போரில் சொத்திழந்த, அரசுக்கு விசுவாசமாக இருந்தவர்களுக்கு. மிச்சம் 304 கோடி போர்க்கடனுக்கு.

எல்லா நிலமும் ஏக்கர் 10 டாலருக்கு விற்றுப்போகும் என்பது இந்தக் கணக்கின் பலவீனம். சந்தையில் அவ்வளவு நிலமும் ஒரே சமயம் இறங்கினால் விலை சரியும். ஆனால் திட்டம் தோற்றது அதனால் அல்ல. சொந்தக் கட்சியே பின்வாங்கியது. 1866 பிப்ரவரியில், விடுதலை பெற்றோர் நல வாரிய மசோதாவில் நிலம் தரும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். 126–37 என விழுந்தது. 1867 மார்ச்சில் தனி மசோதா, அதுவும் போனது. வடக்கின் முதலாளிகளுக்குச் சொத்துரிமையில் கை வைப்பது பயமாக இருந்தது: இன்று தோட்டம், நாளை தொழிற்சாலை. பருத்தி ஏற்றுமதி சீக்கிரம் தொடங்க வேண்டும் என்ற அவசரம் வேறு. சொந்தக் காணி கிடைத்தவன் முதலில் தன் வீட்டுக்குச் சோளம்தான் விதைப்பான், பருத்தியை அல்ல. உழைத்தால் தானே வாங்கிக்கொள்வார்கள் என்று மிதவாதிகள் சொன்னார்கள். விற்பதற்கு யாரும் தயாராக இல்லாத ஊரில் கூலிக்காரன் எங்கே வாங்குவது? நிலமில்லாத வாக்காளன் நிலக்காரனின் மிரட்டலுக்குப் பணிந்தாக வேண்டும் என்று ஸ்டீவன்ஸ் அஞ்சியது குத்தகைப் பங்கு முறையாகவும் கடன் அடிமைத்தனமாகவும் நடந்தேறியது.

1867 சட்டம் எப்படி வேலை செய்தது?

14-ஆம் திருத்தத்தை ஏற்ற டென்னசி மட்டும் திரும்பச் சேர்க்கப்பட்டது. மறுத்த பத்து மாநிலங்களை 1867 மார்ச் 2-ஆம் தேதிச் சட்டம் ஐந்து ராணுவ மாவட்டங்களாகப் பிரித்தது: வர்ஜீனியா, இரு கரோலினாக்கள், ஜார்ஜியா, அலபாமா, ஃப்ளோரிடா, மிசிசிப்பி, ஆர்கன்சா, லூயிசியானா, டெக்சஸ். தளபதி வாக்காளர் பட்டியல் எடுக்க வேண்டும், கறுப்பின ஆண்களையும் சேர்த்து. மாநாடு வேண்டுமா என்று வாக்கெடுப்பு, பிறகு மாநாடு, புதிய மாநில அரசியல் சட்டம், அதற்கு மக்கள் ஒப்புதல், 14-ஆம் திருத்தத்துக்கு ஒப்புதல். அதன் பிறகே நாடாளுமன்றக் கதவு திறக்கும்.

ஒரு ஓட்டை இருந்தது. ஒப்புதல் வாக்கெடுப்பில் பதிவு செய்தவர்களில் பாதிப்பேராவது வாக்களித்திருக்க வேண்டும். அலபாமா வெள்ளையர்கள் பெயரைப் பதிந்துவிட்டு 1868 பிப்ரவரியில் வாக்குச்சாவடிக்குப் போகாமல் இருந்தார்கள். வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆதரித்தும் செல்லாமல் போனது. விழுந்த வாக்குகளில் பெரும்பான்மை போதும் என்று மார்ச் 11-ல் நாடாளுமன்றம் விதியை மாற்றியது.

ஜான்சனைப் பதவிநீக்கும் முயற்சி ஏன் ஒரு வாக்கில் தோற்றது?

1867 டிசம்பரில் முதல் முயற்சி சபையிலேயே 57–108 என விழுந்தது. சட்டமீறல் என்று குறிப்பிட்டுக் காட்ட எதுவும் இல்லை என்பது பலரின் எண்ணம். 1868 பிப்ரவரி 21-ல் ஜான்சனே அதைக் கொடுத்தார்: செனட் சம்மதமின்றிப் போர் அமைச்சர் ஸ்டான்டனை நீக்கினார். மூன்றே நாளில் சபை 126–47 எனப் பதவிநீக்க விசாரணைக்கு வாக்களித்தது. குற்றச்சாட்டுகள் 11. பதினோராவதை உருவாக்கியவர் ஸ்டீவன்ஸ்; மற்றவற்றில் தயங்குகிறவரும் இதில் சேரும்படி எல்லாவற்றையும் கோத்தெழுதியது. அவர் உடல் அப்போது ஒடுங்கிவிட்டது, நாற்காலியில் தூக்கி வந்தார்கள். ஏப்ரல் 27-ல் நிறைவுரையைத் தொடங்கியவர் குரல் போனதால் மீதியை பெஞ்சமின் பட்லர் வாசித்தார்.

தீர்ப்பளிக்க வேண்டிய செனட்டில் 54 பேர், தேவை மூன்றில் இரண்டு பங்கான 36. மே 16-ல் பதினோராவது குற்றச்சாட்டு மீது 35–19. மே 26-ல் மேலும் இரண்டு மீது அதே எண். குடியரசுக் கட்சியினர் ஏழு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அமைச்சரை நீக்க செனட் சம்மதம் வேண்டும் என்ற பதவிக்காலச் சட்டம், நியமித்த ஜனாதிபதியின் காலம் வரைக்கும் அதன்பின் ஒரு மாதமும் அமைச்சரைக் காக்கும் என்றது. ஸ்டான்டனை நியமித்தவர் லிங்கன். அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்துமா என்பதே சந்தேகம். துணை ஜனாதிபதி இல்லாததால் ஜான்சன் போனால் செனட் தலைவர் பெஞ்சமின் வேட் வருவார். அவரை மிதவாதிகளுக்குப் பிடிக்காது. தேர்தலுக்கும் சில மாதங்களே இருந்தன.

லிடியா ஹாமில்டன் ஸ்மித் யார்?

கெட்டிஸ்பர்க் பகுதியில் பிறந்த கலப்பினப் பெண். 1840-கள் முதல் ஸ்டீவன்ஸ் இறக்கும்வரை அவர் வீட்டை நிர்வகித்தார். இருவரும் கணவன் மனைவி போல் வாழ்ந்தார்கள் என்று எதிரிகள் ஏசினார்கள். அதை நிரூபிக்கும் கடிதமோ ஆவணமோ கிடையாது. உயிலில் அவருக்கு ஆண்டுக்கு 500 டாலர் அல்லது மொத்தமாக 5,000 டாலர் என்று எழுதி வைத்தார். லிடியா லங்காஸ்டர் வீட்டை விலைக்கு வாங்கினார். சொந்தமாகத் தொழிலும் நடத்தினார். அந்த வீட்டு வளாகத்தில் 2000-களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட தண்ணீர்த் தொட்டி, தப்பி வந்தவர்களை மறைக்கப் பயன்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

எப்போது இறந்தார்? எங்கே அடக்கம்?

1868 ஆகஸ்ட் 11 நள்ளிரவில், வாஷிங்டனில். நாடாளுமன்ற வட்ட மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டது. அவருக்கு முன் அந்த மரியாதை பெற்றவர்கள் ஹென்றி கிளேவும் லிங்கனும்தான். லங்காஸ்டர் கட்சிக்காரர்கள் அஞ்சலியாக, இறந்தவரையே அடுத்த தேர்தலுக்கு வேட்பாளராக அறிவித்தார்கள்.

லங்காஸ்டரில் எல்லா இனத்தவரையும் புதைக்க அனுமதித்த ஷ்ரைனர் இடுகாட்டில் இருக்கிறார். மற்ற இடுகாடுகளின் விதிகள் இனத்தைப் பார்த்ததால் இதைத் தேர்ந்தெடுத்ததாகவும், வாழ்நாள் முழுதும் பேசிய மனித சமத்துவத்தை மரணத்திலும் காட்டவே அப்படிச் செய்ததாகவும் அவரே எழுதிவைத்த வாசகம் கல்லில் இருக்கிறது. இனமோ மதமோ பாராத அநாதை இல்லத்துக்கு உயிலில் பணம் ஒதுக்கினார். அது 1905-ல் தொழிற்பள்ளியாகி, இன்று தாடியஸ் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியாக லங்காஸ்டரில் இயங்குகிறது.

பிறகு ஏன் அவர் பெயர் இவ்வளவு கெட்டது?

20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பாடநூல்கள், போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பைத் தெற்கின் மீது நடந்த பழிவாங்கலாகவே எழுதின. ஸ்டீவன்ஸ் அதில் கால் ஊனமும் மனக் கசப்பும் சேர்ந்த வில்லன். 1915-ல் வந்த புகழ்பெற்ற மௌனப் படம் ஒன்று அவரை மாதிரியாக வைத்து ஒரு பாத்திரத்தையே படைத்தது. 1954-ல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 14-ஆம் திருத்தத்தின் பேரில் தீர்ப்பளித்தது. சிவில் உரிமை இயக்கம் வளர்ந்த அந்தத் தலைமுறையில்தான் வரலாற்றாசிரியர்கள் அவரை மறுபடி படித்தார்கள். அவர் பேச்சில் நஞ்சு இருந்தது உண்மை, எதிரியை நையப்புடைப்பார். அதை வைத்து அவர் திட்டங்களைப் பழிவாங்கல் என்று தள்ளுவது, மேலே உள்ள கணக்குகளைப் படிக்காதவர்கள் செய்வது.

இவரைப் பற்றிப் படிக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பெயரில் முதலில். அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் என்பவர் தெற்குக் கூட்டமைப்பின் துணை ஜனாதிபதி. அடிமை முறையே தங்கள் அரசின் மூலைக்கல் என்று பேசியவர். தமிழில் எழுதும்போது இருவரும் எளிதில் கலந்துவிடுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் குடியரசுக் கட்சியையும் ஜனநாயகக் கட்சியையும் இன்றைய கட்சிகளாக நினைத்துப் படித்தால் எல்லாம் தலைகீழாகும். "40 ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்" என்ற வாசகத்தை ஸ்டீவன்ஸ் தலையில் கட்டுவதும் தவறு. 40 ஏக்கர் என்ற அளவு 1865 ஜனவரி 16-ல் தளபதி ஷெர்மன் பிறப்பித்த கள ஆணையில் ஏற்கெனவே இருந்தது. அது கரோலினா முதல் ஃப்ளோரிடா வரையிலான கடலோர நிலத்துக்கு மட்டும். சுமார் 40,000 பேர் குடியேறிய அந்த நிலத்தை அதே ஆண்டில் ஜான்சன் பழைய உரிமையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தார்.

வாக்கு எண்ணிக்கை பார்க்கும்போது, சபையில் மூன்றில் இரண்டு என்பது மொத்த உறுப்பினர்களில் அல்ல, வாக்களித்தவர்களில் கணக்கிடப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். 1865 ஜனவரி 31-ல் வாக்களிக்காமல் இருந்த எட்டுப் பேரும் வந்து "இல்லை" என்றிருந்தால் வாக்களித்தவர் 183, தேவை 122. அன்று விழுந்த 119 போதாது.